நியூட்ரினோவை ரேடியோவில் கேட்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகிற மிகச் சிறிய துகள். போன இதழில் தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, “தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் ரேடியோ ஆன்டெனா இறக்கிவைத்தும் நியூட்ரினோ தேடுகிறார்கள்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது என்றுதான் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். மின்னூட்டமே இல்லாத ஒன்று எப்படி ரேடியோ அலையைக் கிளப்பும்?
- ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரிதான் டீச்சர். நியூட்ரினோ எந்த அலையையும் கிளப்புவதில்லை. அது ஏதாவது ஓர் அணுக்கருவில் மோதினால், மோதிய இடத்தில் ஒரு துகள் கூட்டம் பிறக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் பெருகிப் பாய்கிற கூட்டம். அலை வருவது அந்தக் கூட்டத்திலிருந்து.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிறக்கின்றன. ஒன்று எதிர்மின், மற்றது நேர்மின். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் சேர்ந்து ஓடினால் வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு மொத்தம் பூஜ்யம், அலையும் பூஜ்யம். 1962-இல் சோவியத் நாட்டில் இருந்த ஆர்மீனிய இயற்பியலாளர் குர்கென் அஸ்கார்யன் இந்த இடத்தில்தான் நிறுத்தி யோசித்தார். கூட்டம் வெற்றிடத்தில் ஓடவில்லையே, பனிக்கட்டிக்குள்ளேயோ பாறைக்குள்ளேயோ அல்லவா ஓடுகிறது. போகிற வழியில் இருக்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டித் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும், அதே நேரம் பாசிட்ரான்கள் எதிர்ப்படும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழிந்துபோகும். வரவு எதிர்மின் பக்கம், செலவு நேர்மின் பக்கம். கூட்டத்தில் எதிர்மின் சுமார் 20 சதவீதம் மிஞ்சி நிற்கும் என்றார்.

பனிக்கட்டியில் ரேடியோ அலை விநாடிக்கு சுமார் 1,68,000 கிலோமீட்டர்தான் போகும். இந்தக் கூட்டம் வெற்றிடத்து ஒளியின் வேகத்தையே ஒட்டிப் பாய்வதால், பனிக்குள் அந்த அலையை முந்திவிடுகிறது. அப்படி முந்துகிற மின்னூட்டம் ஒரு வகை அலையை வீசும், அதற்குச் செரன்கோவ் கதிர்வீச்சு என்று பெயர். அஸ்கார்யன் பார்த்தது அதற்கு அடுத்த படியை. கூட்டத்தின் அகலம் பத்து சென்டிமீட்டர் அளவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அதைவிட மிக மிகச் சிறியது, அதனால் ஒளியில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தன் பாட்டுக்கு வீசுகிறது. ரேடியோ அலையின் நீளமோ பல சென்டிமீட்டரிலிருந்து மீட்டர் வரை. அந்த அலைக்கு முழுக் கூட்டமும் ஒரே ஒரு பெரிய மின்னூட்டம் மாதிரிதான் தெரியும்.

நம்ம நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்திருக்கிறீர்களா? ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்கும்போதுதான் நகரும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடுவதால், மிஞ்சிய எலக்ட்ரான்கள் பத்து மடங்கு ஆனால் அலையின் திறன் நூறு மடங்காகிறது. அதனால்தான் சாதாரண நியூட்ரினோக்களுக்கு இந்த வழி உதவாது, அதிபயங்கர ஆற்றல் கொண்டவற்றுக்கு மட்டும் பிரமாதமாக உதவும். 1-க்குப் பின் 17, 18 சுழியம் போட்டால் வருகிற எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சொல்கிறேன். எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு. 18 சுழியம் என்பது ஓர் எலுமிச்சம்பழத்தை ஒன்றரைச் சாண் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல், அது முழுவதும் ஒற்றைத் துகளுக்குள்.

அந்தத் துடிப்பு நீடிப்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சிறுவயதில் களக்காட்டில் ஐப்பசி மழைக்காலத்தில் மீடியம் வேவ் ரேடியோ கேட்டிருக்கிறேன். தூரத்தில் மலைப்பக்கம் மின்னல் வெட்டும்போதெல்லாம் பாட்டுக்கு நடுவில் ‘கரக்’ என்று வரும், எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினாலும் வரும். குறுகிய நேரத்தில் வெடிக்கிற மின்சாரம் எல்லா அலைவரிசையிலும் தலைகாட்டும் என்பதற்கு அதுவே சாட்சி. பனிக்குள் ஆன்டெனாக்கள் காத்திருப்பதும் அப்படிப்பட்ட ஒரு ‘டிக்’ சத்தத்துக்காகத்தான்.

கேள்வி: தென் துருவத்தில் ஏற்கெனவே ஐஸ்கியூப் இருக்கிறதே, அது ஒளியை வைத்து நன்றாகத்தானே வேலை செய்கிறது? பிறகு ரேடியோ எதற்கு?
- ஒரு வாசகர், கடையநல்லூர்

ஐஸ்கியூப் அற்புதமான கருவி, அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு கன கிலோமீட்டர் பனி, 86 துளைகள், 5,160 ஒளி உணரிகள். 2010 டிசம்பரில் கட்டி முடித்தார்கள், 2013-இல் விண்வெளியின் தூரத்திலிருந்து வரும் நியூட்ரினோக்களைக் கண்டதாக அறிவித்தார்கள். ஆனால் ஆற்றல் கூடக்கூட நியூட்ரினோக்களின் எண்ணிக்கை சரசரவென்று குறைந்துவிடும். நான் மேலே சொன்ன 18 சுழிய ஆற்றலில், ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் வருஷத்துக்கு ஒன்றுகூட மோதாமல் போகலாம். நூறு கன கிலோமீட்டர், அதற்கும் மேலே வேண்டும்.

அவ்வளவு இடத்தை ஒளி உணரிகளால் நிரப்ப முடியாது. எவ்வளவு தெளிவான பனியானாலும் ஒளி நூறு இருநூறு மீட்டரில் மங்கிவிடும், அதனால்தான் ஐஸ்கியூபின் உணரிகளைக் கோத்த சரங்களை 125 மீட்டர் இடைவெளியில் இறக்கியிருக்கிறார்கள். ரேடியோ அலையோ குளிர்ந்த பனியில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தாராளமாகப் போகிறது. அப்படியானால் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் போதுமே! தென் துருவத்திலேயே ஆரா என்ற திட்டத்தில் 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையம் வைத்து, ஆன்டெனாக்களை 200 மீட்டர் ஆழம் வரை இறக்கினார்கள். கிரீன்லாந்தின் உச்சியில் ஆர்என்ஓ-ஜி என்று 35 நிலையங்களுக்குத் திட்டம், 2021-இல் வேலை தொடங்கியது. அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்க்காது. ஒரு நிலையம் நம்ம வீட்டு சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை அசரவைத்தது அனிட்டா. ராட்சத பலூனில் ஆன்டெனாக்களைக் கட்டி, அண்டார்டிகாவுக்கு மேலே சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பனி ஒரே பார்வையில் அடங்கும். 2006-க்கும் 2016-க்கும் இடையில் நான்கு முறை பறந்தது.

கேள்வி: அண்ணாச்சி, அண்டார்டிகா வரை போவானேன்? எங்கள் ஊர்த் தேரிக்காட்டு மணலில் ஆன்டெனாவைப் புதைத்தால் ஆகாதா?
- ஒரு வாசகர், திசையன்விளை

மணல் என்று நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏனென்றால் அஸ்கார்யன் சொன்னது உண்மை என்று முதன்முதலில் நிரூபணமானது மணலில்தான். அவர் எழுதி ஏறக்குறைய 38 வருஷம் கழித்து, 2000-இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் சுமார் 3.6 டன் சிலிக்கா மணலைப் பெட்டியில் நிரப்பி அதற்குள் காமா கதிர்க் கற்றைகளைச் செலுத்தினார்கள். ரேடியோ துடிப்பு வந்தது, ஆற்றலுக்கு ஏற்ற இருபடிக் கணக்கும் பொருந்தியது. பிறகு உப்பில் செய்தார்கள், 2006-இல் ஏழரை டன் பனிக்கட்டியில் செய்தார்கள். எல்லாவற்றிலும் வந்தது. அஸ்கார்யன் இதைப் பார்க்க இருக்கவில்லை, 1997-லேயே காலமாகிவிட்டார்.

ஆனால் தேரி மணல் வேறு. அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடு. அதோடு இல்மனைட் போன்ற கனிமங்களும் கலந்து கிடக்கின்றன. கொஞ்சம் கீழே போனால் ஈரம், கடலை நெருங்கினால் உவர்நீர். ரேடியோ அலைக்கு ஈரத்தைப் போல எதிரி கிடையாது, சில மீட்டரிலேயே அடங்கிப்போகும். துருவத்துப் பனி கிலோமீட்டர் கணக்கில் கனமாக, உறைந்து, சுத்தமாக, ஒரே சீராக இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு தூரம் போகிறார்கள்.

கேள்வி: உப்பிலும் சோதித்தார்கள் என்றால் எங்கள் உப்பளம்?
- உப்பளத் தொழிலாளி ஒருவர், ஆறுமுகநேரி

அஸ்கார்யனே உப்புப் பாறையை நல்ல ஊடகம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அது பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் இறுகிக் காய்ந்த உப்பு. நீங்கள் பாத்தியில் வாருகிற உப்பில் நீர் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதோடு கனமும் போதாது. சுரங்க உப்பிலேயே இடத்துக்கு இடம் அலை மங்கும் வேகம் மாறுகிறது, அதனால் அந்த யோசனை பனி அளவுக்கு முன்னேறவில்லை.

கேள்வி: இத்தனை வருஷம், இத்தனை செலவு. ரேடியோவில் இதுவரை எத்தனை நியூட்ரினோ பிடித்தார்கள்? உள்ளதைச் சொல்லவும்.
- ஓய்வுபெற்ற தாலுகா அலுவலர், தென்காசி

உள்ளதைச் சொல்கிறேன் ஐயா. ஒன்றுகூட உறுதியாகப் பிடிபடவில்லை.

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன். நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், அறுபது அடி வரை தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு தகவல்தான். அடுத்து எங்கே, எவ்வளவு ஆழம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இங்கே அந்தத் தகவல் என்ன? விண்வெளியிலிருந்து பயங்கர ஆற்றலோடு காஸ்மிக் கதிர்கள் வருவது உறுதியாகத் தெரியும். 1991-இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகளின் ஆற்றல் சுமார் 50 ஜூல், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த கிரிக்கெட் பந்தின் ஆற்றல். இவை எங்கே பிறக்கின்றன என்பது இன்னும் புதிர். அவை மின்னூட்டம் உள்ளவை, வழியில் காந்தப்புலங்கள் அவற்றைத் திருப்பிவிடுகின்றன, வந்த திசையைப் பார்த்து ஊர் கண்டுபிடிக்க முடியாது. நியூட்ரினோவை எதுவும் திருப்பாது. அது வந்த திசையில் அப்படியே பின்னோக்கிக் கோடு போட்டால் பிறந்த இடம்.

1966-இல் கிரைசன் என்பவரும், தனியாக ஸாட்செபின், குஸ்மின் இருவரும் ஒன்றைக் கணக்கிட்டார்கள். அண்டம் முழுக்க நிரம்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளியில் மோதி, மிகுந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் தம் ஆற்றலை இழந்துவிடும் என்றார்கள். அந்த மோதலில் நியூட்ரினோ பிறக்கும் என்று 1969-இல் பெரசின்ஸ்கியும் ஸாட்செபினும் காட்டினார்கள். காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் புரோட்டானாக இருந்தால் இந்த நியூட்ரினோ நிறைய வர வேண்டும், இரும்பு போன்ற கனமான அணுக்கருவாக இருந்தால் குறைவாக வரும். அனிட்டா ஒன்றையும் காணாததால், “ஏராளமாக வரும்” என்ற கணக்குகள் அடிபட்டுப்போயின. ஐஸ்கியூப் அந்த வரம்பை இன்னும் இறுக்கியது. ஒன்றுமே கேட்காமலேயே இவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலித் தீவுக்கு அருகே மத்தியதரைக் கடலின் அடியில் இருக்கும் கேஎம்3நெட் கருவியில் ஒரு நியூட்ரினோவின் தடம் விழுந்தது. ஆற்றல் சுமார் 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2.2-ஐ, 1-க்குப் பின் 17 சுழியம் போட்ட எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். 2025-இல் அறிவித்தார்கள். அது ஒளியில் பிடித்தது, ரேடியோவில் பிடித்தது கிடையாது. ஆனால் ரேடியோ முறை வேலை செய்யத் தொடங்குகிற ஆற்றல் ஏறக்குறைய அங்கேதான். அந்த உயரத்திலும் நியூட்ரினோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதனால் காது வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய தெம்பு.

கேள்வி: அண்டார்டிகாவில் இணைப் பிரபஞ்சத்துக்குச் சான்று கிடைத்ததாக வாட்ஸப்பில் வந்ததே, அது இந்த அனிட்டாதானா?
- கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

அதேதான் தம்பி. அனிட்டா பறந்தபோது இரண்டு துடிப்புகள் தரைக்குள்ளிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய மாதிரி பதிவாயின. அதில் என்ன விசேஷம் என்றால், இவ்வளவு ஆற்றலில் நியூட்ரினோவே பூமியைத் துளைத்து வர முடியாது. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோ பூமியைக் காற்று மாதிரி கடந்துவிடும். 18 சுழியக்காரரோ சில நூறு கிலோமீட்டர் பாறைக்குள்ளேயே மோதிவிடுவார். பூமியின் விட்டமோ 12,700 கிலோமீட்டர். அந்த இரண்டும் வந்த கோணத்தைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாறையைக் கடந்திருக்க வேண்டும். கணக்கு உதைத்தது. 2020-இல் செய்தித்தாள்கள் அதைப் பிடித்து இணைப் பிரபஞ்சம் என்று எழுதிவிட்டன. அதே திசைகளில் ஐஸ்கியூப் தேடிப் பார்த்தது, எதுவும் இல்லை. துடிப்புகளுக்கு இன்னும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் கிடையாது. அதற்காக இன்னொரு பிரபஞ்சத்தை இழுத்து வர வேண்டியதில்லை.

கேள்வி: கூடங்குளத்திலிருந்தும் நியூட்ரினோ வருகிறதாமே. அதையும் ரேடியோவில் கேட்கலாமா? எங்களுக்கு அதனால் ஆபத்து உண்டா?
- குடும்பத்தலைவி, ராதாபுரம்

வருகிறது அம்மா, எதிர்நியூட்ரினோ என்பார்கள். முழுத் திறனில் ஓடும் ஓர் உலையிலிருந்து விநாடிக்கு 1-க்குப் பின் 20 சுழியம் போட்ட எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு வரும். 1956-இல் உலகத்தில் முதன்முதலாகப் பிடிபட்டதே ஓர் அணு உலையின் எதிர்நியூட்ரினோதான். ஆனால் ஒவ்வொன்றின் ஆற்றலும் முப்பது நாற்பது லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவு. ரேடியோவில் கேட்க அதைப்போல் சில ஆயிரம் கோடி மடங்கு வேண்டும், ஆகவே கேட்காது.

ஆபத்து? சூரியனிலிருந்து மட்டும் உங்கள் விரல் நகத்தின் வழியாக விநாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோ போகிறது, ராத்திரியிலும் பூமியைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒன்றும் செய்வதில்லை. உலையின் கழிவு என்னாகிறது, அவசரத்தில் ஊரை எப்படிக் காலி செய்வது என்று நீங்கள் கேட்டால் அவை நியாயமான கேள்விகள், கேட்கத்தான் வேண்டும், பதில் வாங்கத்தான் வேண்டும். பொட்டிப்புரத்துக்காரர்கள் மலையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்டதும் அப்படித்தான். அந்தக் கவலைகளில் நியூட்ரினோவைக் கொண்டுவந்து சேர்த்தால், கேட்க வேண்டிய கேள்வி பலவீனப்பட்டுப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: நம்ம ஊரிலிருந்து இந்த ஆராய்ச்சியில் ஏதாவது செய்ய வழியே இல்லையா சார்? பனி இல்லை, மணலும் ஆகாது என்கிறீர்கள். பொதிகை மலை இருக்கிறதே?
- இயற்பியல் மாணவி, பாளையங்கோட்டை

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன் அம்மா. மலையை வைத்துத் தேடுகிற முறை நிஜமாகவே உண்டு. நியூட்ரினோவில் டௌ என்று ஒரு வகை. அது மலைக்குள்ளோ பூமியின் ஓரத்திலோ மோதினால் டௌ துகள் பிறக்கும். அந்தத் துகளின் ஆயுள் விநாடியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் 18 சுழிய ஆற்றலில் சார்பியல் விதிப்படி அதன் ஆயுள் நீண்டு சுமார் 50 கிலோமீட்டர் வரை ஓடும். பாறையை விட்டு வெளியே வந்து, காற்றில் சிதைந்து, அங்கே ஒரு துகள் பொழிவை உண்டாக்கும். காற்றில் அஸ்கார்யன் விளைவு கொஞ்சம்தான். அங்கே பூமியின் காந்தப்புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் பாசிட்ரானை மறுபக்கமும் தள்ளுவதால் ரேடியோ அலை வருகிறது. காற்றில் உண்டாகும் இந்தப் பொழிவுகளிலிருந்து ரேடியோ துடிப்பு வருவதை 1965-லேயே இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 44 மெகாஹெர்ட்ஸில் பார்த்துவிட்டார்கள். மலைகளைப் பார்த்து ஆயிரக்கணக்கில் ஆன்டெனா நிறுத்தும் கிராண்ட் என்ற திட்டத்தின் முன்மாதிரி இப்போது சீனாவின் கோபி பாலைவனத்தில் ஓடுகிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில்தான் போகிறது. அதற்காகவே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, சிற்பம் பார்க்க அந்தக் கோயிலுக்குப் போகிற பலருக்கு இது தெரியாது. இங்கே காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய கிடையாக, தெற்கிலிருந்து வடக்கே போகிறது, அளவு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. பொதிகை மேற்கே நிற்கிறது. மலையைத் துளைத்து ஒரு பொழிவு கிழக்கே நம் சமவெளிக்கு வந்தால், அது காந்தப்புலத்துக்குச் சரியாகச் செங்குத்தாக வரும். தள்ளும் விசை முழுதாகக் கிடைக்கும். இந்தப் படத்தைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இடைஞ்சல் இரைச்சல்தான். எஃப்எம் ஒலிபரப்பு 88-இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ், நமக்கு வேண்டிய பட்டைக்கு நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உயரழுத்த மின்கம்பி, செல்போன் டவர், பணகுடியிலிருந்து கயத்தாறு வரை காற்றாலை, எல்லாம் சேர்ந்து எவ்வளவு சத்தம் போடுகின்றன என்று யாராவது அளக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது அதைத்தான். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு சின்ன யூஎஸ்பி கருவி ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், லேப்டாப்பில் செருகினால் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து சுமார் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும். நல்ல ஆன்டெனாவும் ஒரு முன்பெருக்கியும் தேவை, உங்கள் துறையின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் அதைக் கட்ட உதவி கேளுங்கள். எஃப்எம்முக்குக் கீழே, 30-இலிருந்து 80 மெகாஹெர்ட்ஸ் வரை முதலில் கல்லூரி மாடியில் அளந்துவிட்டு, பிறகு மணிமுத்தாறு அணைக்கரையில் அளந்து பாருங்கள். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், நம் பால்வீதியே இந்த அலைவரிசையில் ஓயாமல் இரைகிறது, 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி கண்டுபிடித்தது அதைத்தான். பால்வீதியின் நடுப்பகுதி வானில் உயரே வரும்போது இரைச்சல் ஏறும், சாய்ந்ததும் இறங்கும், இந்த ஏற்ற இறக்கம் 24 மணிக்குப் பதிலாக 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். நான்கைந்து வாரம் விடாமல் பதிவு செய்தால் உச்சம் வரும் நேரம் நாளுக்கு நாலு நிமிஷம் முன்னே நகர்ந்துகொண்டே போவது தெரியும். மனிதன் போடும் சத்தத்துக்கு நடுவில் அந்த நகர்வு தெரிந்தால் அந்த இடம் ஆன்டெனா வைக்கத் தகுதியான இடம், தெரியாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். தேதி, நேரம், இடம், அலைவரிசை நான்கையும் நோட்டில் எழுதிவைத்து அனுப்புங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த வரைபடத்தை இதே பக்கத்தில் போடுகிறேன்.